சாய்சதுரத்தின் கீழே மூன்று பதக்கங்கள்

நான் பதக்கம் அடிக்கிறவன். அதனாலேயே எந்தப் பதக்கத்தையும் லேசில் நம்பாதவன்.

செகந்திராபாத் பக்கம் சனத்நகரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. இரண்டு பிரஸ், ஒரு ஆசிட் தொட்டி, எனாமல் சுடுகிற அடுப்பு, ஒரு பாலிஷ் மோட்டார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு மெடல், கிளப்புகளுக்கு ஷீல்டு, ரிட்டயர் ஆகிறவர்களுக்கு மெமெண்டோ என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. இந்த ஊரில் தனக்குத் தானே விருது கொடுத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்பது என்னை மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். ஒருவர் வந்து உலக சமாதான விருது ஒன்று வேண்டும் என்றார். கொடுப்பது யார் என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் கமிட்டி இருக்கு” என்றார். கமிட்டியும் அவர்தான், விருது வாங்குபவரும் அவர்தான். அடுத்த வாரம், நான் அடித்த மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் கும்பிடுகிற ஃப்ளெக்ஸ் நாச்சாரம் ரோடு முழுக்கத் தொங்கியது. அன்று ஒரு விதி வைத்தேன். அரசாங்கமோ ராணுவமோ கொடுத்தது போல எதைச் செய்யச் சொன்னாலும், முதலில் அதற்கான பேப்பரைக் காட்ட வேண்டும். பேப்பர் இல்லாவிட்டால் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளலாம்.

என் மகள் கொண்டாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது. பையன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன், தமிழ்ப் பையன். அவன் இங்கே வேலைக்கு வந்ததும் அவனைப் பெற்றவர்களும் முப்பது வருஷத்து அமெரிக்க வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது எனக்கு முதல் சந்தேகம். எல்லோரும் அங்கே போகத் துடிக்கும்போது இவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்? மகளிடம், அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனி என்றாள். அம்மா? நர்ஸாக இருந்தார்கள் என்றாள். அதற்கு மேல் அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி மட்டும் இன்னும் பதினைந்து கேள்வி கேட்டேன்.

பையனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தேடாமல் இல்லை, கிடைக்கவில்லை.

முதல் தடவை நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பதினோராவது மாடி ஹாலில் சோபாவுக்கு மேலே கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. சாமி படமாக இருக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். கிட்டே போனால் வேறு என்னவோ. நீல நிறத்தில் ஒரு சாய்சதுரம், சீட்டுக்கட்டில் வரும் டைமண்ட் வடிவம். அதற்குள் தங்க நிறத்தில் ஒரு பனைமரம், பனையின் அடியில் வெள்ளி அலை. சாய்சதுரத்தின் கீழ் முனையில் ரிப்பன் கட்டி மூன்று பதக்கங்கள் தொங்குவது போல வரைந்திருந்தார்கள். ஒன்றில் வெண்கல நட்சத்திரம். நடுவில் ஊதா ரிப்பனில் ஒரு இதயம், அதற்குள் யாரோ ஒரு பெரிய மனிதரின் பக்கவாட்டு முகம். மூன்றாவதில் சிறகு விரித்த கழுகு. தொழில் புத்தி, நான் பதக்கங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படத்துக்கு நேர் கீழே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் பையனின் அப்பா. திருநெல்வேலிக்காரர். வாய் நிறையச் சிரிப்பு, ஊரே கேட்கிற குரல்.

“இது என்னங்க, ராஜா வீட்டு முத்திரை மாதிரி இருக்கு?” என்று கேட்டேன்.

“ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல. அமெரிக்காவுல யாரு வேணும்னாலும் தனக்குன்னு ஒரு சின்னம் வரைஞ்சு வச்சுக்கிடலாம். கவர்ன்மெண்ட் கேக்காது. பனை நம்ம ஊருக்கு, அலை நம்ம கடலுக்கு” என்றார்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாமாம், கவர்ன்மெண்ட் கேட்காதாம். சமாதான விருதுக்காரர் இதையேதான் இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்.

அந்த நேரம் பையனின் அம்மா காப்பித் தட்டோடு வந்தார். மெலிந்த உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி. நான் படத்தை முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் என் மனைவி, காப்பிப்பொடி எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவர் அதற்குப் பதில் சொன்னார். பேச்சு காப்பிப்பொடிக்குப் போய், அங்கிருந்து மாவு மெஷினுக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது சம்பந்தி என் தோளில் கை போட்டார். “உங்க தொழில் இதுதானே! இந்தப் பேப்பர் மங்கிட்டு வருது. வாசக் கதவுக்கு வெளியே மாட்டுற மாதிரி பித்தளையில பண்ணித் தருவீங்களா?” என்றார். சரி என்று சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போதே கை குறுகுறுத்தது.

மாரேட்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இன்டர்நெட்டில் தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவில் சொந்தச் சின்னம் வரைந்துகொள்வதில் சட்டத்துக்கு வேலை இல்லை, அவர் சொன்னது நிஜம். ஆனால் அடியில் தொங்கும் பதக்கம் அப்படி இல்லை. சின்னம் யாருடையதோ அவர் தன் கையால் வாங்கிய பதக்கத்தை மட்டும்தான் அதில் தொங்கவிடுவது முறை. அப்பா வாங்கியது, மாமனார் வாங்கியது எல்லாம் கூடாது. சரி, மூன்றும் என்ன பதக்கம் என்று தேடினேன். மூன்றும் ராணுவப் பதக்கங்கள். அந்த ஊதா ரிப்பன் இதயம், யுத்தத்தில் எதிரியால் காயம் பட்டவர்களுக்குக் கொடுப்பது.

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரருக்கு யுத்தத்தில் காயம்!

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் பொய்யாக மெடல் மாட்டிக்கொள்கிறார் என்றால் வேறு எதில்தான் பொய் சொல்ல மாட்டார்? வேலை, வீடு, பையனின் படிப்பு, இதற்கு முன்னால் ஒரு கல்யாணம் எல்லாம் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், “அப்பா, ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?” என்பாள். அதோடு, காதலிக்கிறவளின் சாட்சி செல்லாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். “நக்கோங்க, நக்கோ. பொண்ணு விஷயம். அவர் மெடல் போட்டா என்ன, கிரீடம் வச்சா உங்களுக்கு என்ன? வாய மூடிட்டுச் செஞ்சு குடுங்க” என்றாள்.

“நாளைக்கு ஏமாந்து நின்னா?”

“ஹவ், நிக்கலாம். இப்பவே போய்க் கெடுக்காதீங்க.”

நான் கேட்கவில்லை. கதவை அளவெடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஒரு காலை நேரம் மறுபடி கொண்டாப்பூர் போனேன். சம்பந்தி கீழே நீச்சல் குளத்தில் இருக்கிறார் என்று செக்யூரிட்டி சொன்னார். குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதர் தண்ணீரை விட்டு ஏறியதிலிருந்து துண்டைப் போர்த்துகிற வரை, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவர் உடம்பைத் தலை முதல் கால் வரை பார்த்தேன். நெஞ்சு, முதுகு, தொடை, முழங்கால். ஒரு கீறல் இல்லை. குழந்தை உடம்பு. வயிற்றில் அப்பெண்டிக்ஸ் தழும்புகூட இல்லை.

“என்ன சம்பந்தி, நீங்களும் இறங்குறீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். இல்லை என்று நானும் சிரித்தேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அன்றே பட்டறையில் வேலையை ஆரம்பித்தேன். இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, வடிவத்தை மாற்றினேன். சீட்டுக்கட்டு டைமண்டைக் கதவில் மாட்டினால் உள்ளே ரம்மி கிளப் நடக்கிறது என்று நினைப்பார்கள். போலியிலும் ஒழுங்கான போலி வேண்டாமா என்று எரிச்சலோடு, மேலே தட்டையாகவும் கீழே கூராகவும் ஒரு நல்ல கேடயமாக வரைந்து ஆசிட்டில் அரித்தெடுத்தேன். பனையும் அலையும் அதில் அழகாகவே உட்கார்ந்தன. இரண்டாவது, மூன்று பதக்கங்களையும் தனியாகச் செய்து, எனாமல் ஏற்றி, தகட்டில் கோக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். பேப்பரைக் காட்டட்டும், கோத்துத் தருகிறேன். என் விதி சம்பந்திக்கும் உண்டு.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான், மனைவி, மகள் மூவரும் தகட்டை எடுத்துக்கொண்டு போனோம். அவர்கள் வீட்டில் மூவரும் இருந்தார்கள். சம்பந்தி பொட்டலத்தைப் பிரித்து, தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அடேயப்பா!” என்றார். பையன் போனில் படம் எடுத்தான். அவன் அம்மா தகட்டையும் சோபாவுக்கு மேலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெடல் எங்க சம்பந்தி?”

நான் கவரை டீப்பாய் மேல் வைத்தேன். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம். “எங்க பட்டறையில ஒரு ரூல் இருக்குங்க. ராணுவ மெடல்னா பேப்பர் பாக்காம மாட்டறதில்ல. தப்பா நினைக்கக் கூடாது. இது அடிபட்டவங்களுக்குக் குடுக்கிற மெடல். நீங்க எங்க, எப்ப அடிபட்டீங்கன்னு ஒரு பேப்பர் காட்டினா இங்கயே கோத்துக் குடுத்துடுவேன்.”

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகள், “அப்பா!” என்றாள்.

சம்பந்தி என்னைப் பார்த்தார், அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். “நானா? எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும்வே!”

வேறு யாரும் சிரிக்கவில்லை. பையனின் அம்மா எழுந்து உள்ளே போனார். நாங்கள் கிளம்ப வேண்டியிருக்குமோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பச்சை ஃபைலோடு திரும்பி வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ராணுவத்திலிருந்து விடுவித்த பத்திரம். மூன்று பதக்கத்துக்கும் மூன்று சான்று. நான்கிலும் பெயர் அவர் பெயர். பெயருக்கு முன்னால் கேப்டன் என்று இருந்தது.

நாகர்கோவில் பக்கம் நர்சிங் படித்து, அமெரிக்கா போய், அங்கே ராணுவத்தில் சேர்ந்த நர்ஸ். மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது யுத்தத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடாரம் போட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அங்கே குண்டு விழுந்தபோது, நடக்க முடியாமல் படுத்திருந்தவர்களை வெளியே இழுத்துப் போட்டவர் இவர். அதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. சான்றில் அச்சடித்திருந்தது, நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த ஒரு வருஷம் வீட்டில் சமைத்து, பையனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர் என் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்.

“காயம் முதுகுல இருக்கு. அதையும் காட்டணுமா அண்ணா?” என்று கேட்டார்.

குரலை உயர்த்தவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிக் குறுகி நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று முனகினேன்.

அவர் காகிதங்களை ஃபைலில் திரும்ப அடுக்கினார். பிறகு தகட்டைத் தொட்டார். “பேப்பர் கேட்டீங்க, அது சரிதான். கேக்கிறவங்க கேக்கணும். ஆனா இத என்னத்துக்கு மாத்துனீங்க?”

“கேடயம்னா இப்படித்தானே இருக்கும்னு...”

“கேடயம் ஆம்பிளைக்குப் போடறது. பொம்பளையோட சின்னத்தைச் சாய்சதுரத்துல போடறது அந்தக் காலத்து வழக்கம். இப்ப அங்க பொம்பளைங்களும் கேடயம் வச்சுக்கிடறாங்க. வரைஞ்ச ஆளு எது வேணும்னு கேட்டப்ப, எனக்குச் சாய்சதுரம்தான் வேணும்னு சொன்னேன். வாசல்ல பாக்கிறவங்க இது இந்த வீட்டுப் பொம்பளையோடதுன்னு தெரிஞ்சுக்கட்டும்னு.” தகட்டை என் பக்கம் தள்ளினார். “நீங்க அதையும் எடுத்து அவருக்குக் குடுத்துட்டீங்க.”

சம்பந்தி, “சரி விடும்மா, தெரியாமத்தானே” என்று ஆரம்பித்தார். பையனின் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னிடமே பேசினார். “உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இது சரியாச் செஞ்சு, மெடல் மாட்டி, வாசல்ல ஏறட்டும். அப்புறம் நிச்சயம் வச்சுக்கலாம். அதுவரைக்கும் வேண்டாம்.”

மகளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பையன் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அம்மா சொன்னதை மறுத்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, அது நியாயம்தான்.

திரும்பி வரும்போது மகள்தான் வண்டி ஓட்டினாள். அவளுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ், ரொம்பக் கோபம் வந்தால் தெலுங்கு. பேகம்பேட்டை சிக்னலில் நின்றபோது, நானே ஆரம்பித்தேன். “நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க கேக்கலையே” என்றாள். தமிழில் பேசினாள். “அவங்கப்பாவைப் பத்தி எவ்வளவு கேட்டீங்க? ஸ்விம்மிங் பூல் வரைக்கும் போய் உக்காந்தீங்களாமே. அங்கிள் எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு. அவரைச் சந்தேகப்பட்டீங்க, பரவாயில்லப்பா. அவங்கம்மாவைச் சந்தேகப்படணும்னுகூட உங்களுக்குத் தோணலையே.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். உண்மையாகவே தோன்றவில்லை. அந்த வீட்டில் எல்லோரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், காப்பித் தட்டோடு வந்தவரை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். நர்ஸ், அம்மா, காப்பி. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இருக்காது என்று நம்பினேன். இதுவரை எந்தப் பதக்கத்தையும் நான் இவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு நம்பியதில்லை.

மறுநாள் பட்டறையில் ஆட்களை மற்ற வேலைக்கு அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். தகட்டை நானே வெட்டினேன், நானே ஆசிட்டில் இறக்கினேன். சாய்சதுரத்துக்குள் பனையை அடக்குவது லேசு இல்லை, இரண்டு பக்கமும் இடம் குறுகும். முதல் தகட்டில் ஓலை நசுங்கிவிட்டது, தூக்கி எறிந்தேன். இரண்டாவதில் அலை கோணல். மூன்றாவதுதான் சரியாக வந்தது. பதக்கங்களைப் படத்தில் இருந்த வரிசைப்படி, நட்சத்திரம் முதலில், இதயம் நடுவில், கழுகு கடைசியில் என்று கோத்தேன். நான்காம் நாள் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பையனின் அம்மா கதவருகே நின்று உயரம் சொன்னார். “இன்னும் கொஞ்சம் மேல. பாக்கிறவங்க கண்ணுக்கு நேரா இருக்கட்டும்.” நான் துளை போட்டு மாட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “இப்ப சரி” என்றார். நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த தேதியே இருக்கட்டும் என்றார். லிஃப்டில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிச்சயதார்த்தம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன என் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் தகட்டைப் பார்த்து நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பனை, அலை, மூன்று பதக்கங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். விஷயம் தெரிந்தவர், ராணுவப் பதக்கம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வரவேற்க நின்ற சம்பந்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சார் எந்தச் சண்டையில இருந்தீங்க?”

சம்பந்தி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “அவர் இல்லண்ணா.”

“ஓ! அப்ப மாப்பிள்ளையா? இந்த வயசுலயா!” என்றார் அண்ணன்.

சம்பந்திக்குப் பக்கத்தில் பையனின் அம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் அதில் விரலைத் தொட்டுக் கையில் தடவிக்கொண்டே, மாப்பிள்ளையின் கையைக் குலுக்க உள்ளே போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்த, பின்னாலேயே ஓடினேன்.